ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கும்போது வெள்ளைப் புகையில் எச்சரிக்கை தேவை

கள்ளக்குறிச்சி சமவெளியில் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகின்றன. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் போனால் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் கண்ணில் படும். பயிர்கள் இடத்துக்கு இடம் மாறினாலும் இன்று மலையிலும் சமவெளியிலும் பரவலாகக் காணப்படும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் ஜி.ஐ. குழாய். புடலும் பாகலும் படரும் பந்தல், பரண்மேல் ஆட்டுக் கொட்டகை, வேலிக் கதவு, தண்ணீர்த் தொட்டி வைக்கும் தாங்கி, தள்ளுவண்டி என்று முன்பு மூங்கிலும் சவுக்கும் நின்ற இடங்களில் இப்போது ஜி.ஐ. குழாய்கள் நிற்கின்றன.

மலைக் கிராமங்களில் இருப்போர் ஒரு கதவின் மூலை விட்டுப்போனாலும் அதைச் சுமந்துகொண்டு பட்டறைக்கு இறங்கி வர வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு நாள் வேலை கெடுகிறது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரங்கள் கிடைக்கத் தொடங்கிய பிறகு, இத்தகைய சிறு வேலைகளை விவசாயிகள் தாங்களே செய்துகொள்ள வழி பிறந்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், சாதாரணக் கறுப்பு இரும்பைப் பற்றவைப்பது போல் ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கக் கூடாது. இந்த வேறுபாட்டை அறியாமல் வேலை செய்தால் உடம்புக்கும் கேடு, குழாய்க்கும் கேடு.

பூச்சின் குணம்

ஜி.ஐ. குழாய் என்பது துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய். ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிய நிலையில் உள்ள துத்தநாகத்தில் குழாயை முக்கி எடுக்கும்போது உள்ளும் புறமும் பூச்சு ஏறிவிடுகிறது. மழையும் ஈரமும் முதலில் இந்தப் பூச்சைத்தான் அரிக்கும். ஓரிடத்தில் சிறிது கீறல் விழுந்தாலும் பக்கத்திலுள்ள துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கும். ஜி.ஐ. குழாய் பல ஆண்டுகள் துருப்பிடிக்காமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி வெப்பம் தேவை. துத்தநாகமோ 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். அதாவது, இரும்பு உருகி ஒட்டுவதற்கு முன்பே பூச்சு ஆவியாகப் பறந்துவிடுகிறது. ராஜஸ்தானில் உதயப்பூர் அருகேயுள்ள ஜாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் குணத்தை அறிந்து பயன்படுத்தினர். தாதுவை மண் குடுவைகளில் அடைத்துச் சூடேற்றி, எழுந்த ஆவியை வெளிக்காற்றுப் படாமல் கீழே இறக்கிக் குளிரவைத்துத் துத்தநாகம் எடுத்தனர். வெளிக்காற்றுப் பட்டால் அந்த ஆவி துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளாக மாறிவிடும். வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகையும், பஞ்சு போல மிதந்து வந்து சட்டையில் படியும் தூளும் இதுவே.

இரவில் வரும் காய்ச்சல்

இந்தத் தூள் மிக நுண்ணியது. மூச்சுடன் நுரையீரலின் ஆழம் வரை சென்றுவிடும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. தொண்டை வறண்டு, வாயில் உலோகச் சுவையோ இனிப்புச் சுவையோ தட்டும், அவ்வளவுதான். 4 முதல் 10 மணி நேரம் கழித்துத்தான் தொல்லை தொடங்கும். மாலை வரை கொட்டகைக்குள் உட்கார்ந்து பற்றவைத்தவருக்கு நள்ளிரவில் குளிர் நடுக்கம், காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, இருமல், தாகம் ஆகியவை காணும். இதனை உலோகப் புகைக் காய்ச்சல் என்பர். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்களில் தானே தணிந்துவிடும்.

இது புதிய நோயன்று. பித்தளையிலும் துத்தநாகம் உண்டு. பித்தளை உருக்குவோருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலைப் பற்றி இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர் சார்லஸ் தாக்ரா 1831-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். தொழிற்சாலைகளில் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் பெயர் உண்டு. நாள்தோறும் புகையில் நிற்பவருக்கு உடம்பு ஓரளவு பழகிவிடுகிறது. ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் கலைந்து, திங்களன்று காய்ச்சல் மீண்டும் தாக்குகிறது. எனவே, பருவத்துக்கு ஒரு முறை மட்டும் வெல்டிங் இயந்திரத்தைத் தொடும் விவசாயிக்கு இக்காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம். பட்டறைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவரைப் பார்த்துத் துணிவது தவறு. காய்ச்சல் வராததால் அவருடைய நுரையீரல் பாதுகாப்பாக இருக்கிறது என்றும் பொருளல்ல. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ஆம் ஆண்டில் எல்லா வகை வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் வரிசையில் சேர்த்தது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

மலைப் பகுதியில் குளிர்காய்ச்சல் என்றால் மலேரியாவோ டைபாய்டோ என்றுதான் முதலில் எண்ணுவார்கள். முந்திய நாள் ஜி.ஐ. குழாய் பற்றவைத்ததை நோயாளி சொன்னால்தான் மருத்துவருக்கு உண்மைக் காரணம் புலப்படும். ஆகவே அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல், இரண்டு நாளாகியும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்கக் கூடாது. மலையிலிருந்து இறங்கவே நேரமாகும் என்பதை மனத்தில் கொண்டு, உடனே 108 ஆம்புலன்சை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் பால் குடித்தால் புகை முறிந்துவிடும் என்ற நம்பிக்கை தொழிலாளரிடையே உண்டு. வெல்லம் தின்பவர்களும் இருக்கிறார்கள். பாலும் வெல்லமும் வயிற்றுக்குச் செல்பவை. புகை செல்வது நுரையீரலுக்கு. பால் உடம்புக்கு நல்ல உணவுதான். ஆனால் அதை நம்பிப் புகையில் உட்காரக் கூடாது.

பற்றவைக்காமலே இணைக்கலாம்

புகையைத் தவிர்க்கச் சிறந்த வழி, பற்றவைப்பதையே தவிர்ப்பதுதான். பந்தலுக்கும் நிழல்வலைக் கூடாரத்துக்கும் கிளாம்ப், யூ போல்ட்டு, சாக்கெட், எல்போ, டீ ஆகியவற்றைக் கொண்டே குழாய்களை இணைத்துவிடலாம். பூச்சு கெடாது. பிற்பாடு கழற்றி வேறிடத்தில் நாட்டவும் முடியும். வண்டி, கதவு போன்றவற்றைப் பற்றவைத்தே செய்ய வேண்டுமானால், பூச்சில்லாத கறுப்புக் குழாயை வாங்கிப் பற்றவைத்து, பிறகு பிரைமரும் பெயிண்டும் அடிப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கலாம்.

பூச்சை அகற்றும் முறை

பற்றவைக்கும் இடத்திலிருந்து இருபுறமும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் பூச்சை அகற்ற வேண்டும். இரண்டு அங்குலம் அகற்றினால் இன்னும் நல்லது. கிரைண்டராலோ அரத்தாலோ எமரித் தாளாலோ தேய்த்து எடுக்கலாம். மங்கிய சாம்பல் நிறம் போய்ப் பளபளப்பான எஃகு தெரிந்தால் பூச்சு நீங்கிவிட்டது என்று அறியலாம். தேய்க்கும்போது கண்ணாடியும் முகமூடியும் அணிய வேண்டும்.

குழாயின் உட்புறத்திலும் பூச்சு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். முனையில் கைக்கு எட்டிய வரை உருண்டை அரத்தால் தேய்க்கலாம். எட்டாத இடத்தில் பூச்சு இருந்தே தீரும். ஆகவே வெளிப்புறத்தைத் தேய்த்துவிட்டோம், இனிப் புகை வராது என்று எண்ணக் கூடாது.

தீயில் காட்டிப் பூச்சை எரிப்பது கூடாது; அதிலும் அதே புகைதான் வரும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றிக் கரைப்பதும் வேண்டாம். ஆசிட்டும் துத்தநாகமும் சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து.

இடமும் காற்றும்

திறந்த வெளியில் மட்டுமே பற்றவைக்க வேண்டும். கொட்டகை, மோட்டார் அறை, தொட்டி, கிணறு ஆகியவற்றினுள் பற்றவைக்கக் கூடாது. காற்று ஒரு பக்கத்திலிருந்து வந்து புகையை மறுபக்கம் கொண்டுசெல்லும்படி உட்கார வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்தால் புகை முகத்தின் முன்னேயே சுழன்று நிற்கும். காற்றில்லாத நாளில் பக்கவாட்டில் ஒரு மின்விசிறி வைத்துக்கொள்ளலாம். எழும் புகைக்கு நேர் மேலே தலையை நீட்டாமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு. குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் அப்பால் வைக்க வேண்டும்.

ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதால் பயனில்லை. இந்தத் தூள் துணியின் இழைகளுக்கிடையே நுழைந்துவிடும். என்.95 அல்லது எஃப்.எஃப்.பி.2 முகமூடி, முகத்தில் இடைவெளியின்றிப் படியுமாறு அணியப்பட வேண்டும். அடிக்கடி இவ்வேலை செய்வோர், வடிகட்டி மாற்றக்கூடிய பி.100 வகை முகமூடி வாங்குவது நலம். முகமூடிக்கு மேல் 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய கவசம், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, காலணி ஆகியன தேவை. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நின்று பற்றவைப்பதும், மின்கம்பியில் கொக்கி மாட்டி மின்சாரம் எடுப்பதும் உயிரைப் பறிக்கும்.

வைக்கோல் போர், கரும்புச் சோகை, காய்ந்த மரவள்ளிக் குச்சி ஆகியவற்றின் அருகே பற்றவைக்கக் கூடாது. கோடையில் காடு காய்ந்திருக்கும்போது ஒரு பொறியே காட்டுத் தீக்குப் போதும். ஒரு குடம் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். எரியும் பொருள்மீது தண்ணீர் ஊற்றும் முன் இயந்திரத்தின் மின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

பற்றவைக்கும் முறை

குழாயில் மஞ்சள் பட்டை இருந்தால் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி என்று அறியலாம். லைட் வகையின் சுவர் மெல்லியது. எளிதில் ஓட்டை விழும். இதற்கு 2.5 மில்லிமீட்டர் பருமனுள்ள 6013 வகை ராடு ஏற்றது. 60 முதல் 90 ஆம்பியருக்குள் வைத்து, துண்டுக் குழாய் ஒன்றில் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். இரு முனைகளுக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டு, கறுப்பு இரும்பைவிடச் சற்று மெதுவாக ராடை நகர்த்தினால் மிச்சமுள்ள துத்தநாகம் வெளியேற வழி கிடைக்கும். வேகமாக இழுத்தால் ஆவி உள்ளே சிக்கி, இணைப்பில் ஊசித் துளைகள் விழும். பார்வைக்கு ஒட்டியது போலிருந்தாலும், ஆட்டுக் கொட்டகையின் பாரம் ஏறும்போது அந்த இடத்தில் விட்டுப்போகும்.

செய்யவே கூடாதவை

இருமுனையும் அடைபட்ட குழாயைப் பற்றவைக்கக் கூடாது. உள்ளே காற்றும் ஆவியும் சூடேறி வெடிக்கும். முதலில் ஒரு துளை போட்டுக்கொள்ள வேண்டும். டீசலோ பூச்சிமருந்தோ இருந்த பீப்பாயை, கழுவிய பிறகும் வீட்டில் பற்றவைக்கவோ வெட்டவோ கூடாது.

பொன்மஞ்சள் நிறம் பூசிய பழைய போல்ட்டு, நட்டுகளில் விசேஷ கவனம் தேவை. அந்தப் பூச்சு காட்மியமாக இருக்கலாம். காட்மியப் புகையும் முதலில் இதே போன்ற காய்ச்சலாகவே தொடங்கும். ஆனால் தானே தணியாது. நுரையீரலில் நீர் கோத்துச் சில நாள்களில் உயிரையே போக்கிவிடலாம். என்ன பூச்சு என்று தெரியாத பொருளைப் பற்றவைக்காமல் விட்டுவிடுவதே அறிவுடைமை.

துருப்பிடிக்காமல் காக்க

பூச்சு போன இணைப்பை அப்படியே விட்டால், முதல் மழைக்கே அங்குத் துரு தொடங்கும். ஆறியதும் சுத்தியால் தட்டிக் கசடை நீக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து, துடைத்து உலரவிட வேண்டும். பிறகு துத்தநாகத் தூள் மிகுந்த சிங்க் ரிச் பிரைமரை இரண்டு கை பூச வேண்டும். தேய்த்த இடம் முழுவதும் மூடுமாறு, பழைய பூச்சின்மீதும் சிறிது ஏறும்படி பூசுவது அவசியம். வெள்ளி நிற அலுமினியப் பெயிண்ட் பார்வைக்கு ஜி.ஐ. போலவே இருக்கும். ஆனால் துத்தநாகம் போலத் தன்னை இழந்து இரும்பைக் காக்கும் குணம் அதற்கில்லை.

வெல்டிங்கை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்கள் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தை அணுகலாம். பண்ணைக் கருவிகள் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பட்டறைக்குப் போகும் செலவை மிச்சப்படுத்தவே விவசாயி சொந்தமாகப் பற்றவைக்கத் துணிகிறார். மிச்சமான பணம் இரண்டு நாள் காய்ச்சலிலும், அடுத்த ஆண்டே துருப்பிடித்து விழும் பந்தலிலும் போய்விடக் கூடாது. முடிந்த இடத்தில் கிளாம்ப் போடுவது, முடியாத இடத்தில் பூச்சை அகற்றித் திறந்த வெளியில் முகமூடியுடன் பற்றவைப்பது, முடித்ததும் சிங்க் பிரைமர் பூசுவது ஆகிய இம்மூன்றையும் கடைப்பிடித்தால் பந்தலும் நிலைக்கும். உடம்பும் நலமாக இருக்கும்.