‘பூரண விண்ணப்பம்’: ஈட்டுக்கடன் மீள்நிதியளிப்பும் காலதாமதமும்

கடன்பட்டோர் நிலையை இலக்கியம் நெடுங்காலமாகவே பேசி வந்துள்ளது. பால்சாக் படைத்த கொப்செக் போன்ற வட்டிக்காரர்களுக்கு முகமும் பெயரும் இருந்தன. 1939 இல் வெளிவந்த ஸ்ரைன்பெக்கின் ‘கோபத்தின் கனிகள்’ நாவலில் அம்முகம் மறைந்துவிடுகின்றது. நிலத்திலிருந்து வெளியேற்றப்படும் குடியானவன் தான் எவரை எதிர்ப்பது என்று அறியாது திகைக்கின்றான். ஐக்கிய அமெரிக்காவில் வீட்டு ஈட்டுக்கடனை மாற்றியெழுத விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கிற் காத்திருந்த குடும்பங்களின் நிலை இதற்கும் ஒருபடி அப்பாற்பட்டது. அவர்களுக்கு மறுப்புக்கூட உரிய காலத்திற் கிடைக்கவில்லை. இத்தாமதத்தை அதிகாரவர்க்க மந்தம் என்று கூறி அமைந்துவிடுதல் முற்போக்காளரிடையேயும் காணப்படும் வழக்கம். அவ்விளக்கம் போதாது. தாமதத்துக்குப் பொருளியல் அடித்தளம் உண்டு. அதன் செலவை ஏற்பவர் எப்பொழுதும் ஒரு பக்கத்தவரே என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

தேசவழமையில் வரும் ஒற்றியில் கடன் கொடுத்தவர் காணியைக் கைக்கொண்டு, வட்டிக்கீடாக அதன் பலனை அனுபவிப்பார். அமெரிக்க ஈட்டிலோ வீடு கடனாளியின் கையிலேயே இருக்கும், காலத்துக்கே விலை. மீள்நிதியளிப்பு என்பது, வட்டிவீதம் வீழ்ந்தவிடத்துப் புதிய கடனொன்றால் பழைய ஈட்டை அடைத்து, குறைந்த வீதத்திற் புதிய ஈடு எழுதுவதாகும். ஆகவே அனுமதி கிடைக்கும்வரை கழியும் ஒவ்வொரு மாதமும் பழைய, உயர்ந்த வட்டியிலேயே கழிகின்றது.

2020 யூலையில் 30 ஆண்டு நிலையான ஈட்டுக்கடனின் சராசரி வட்டிவீதம் முதன்முறையாக நூற்றுக்கு 3 இற்குக் கீழ் இறங்கியது. 2021 சனவரியில் 2.65 ஆயிற்று. விண்ணப்பங்கள் குவிந்தன. அத்தகைய வேளைகளிற் கடன் நிறுவனங்கள் உடனே ஊழியரைப் பெருக்குவதில்லை. சந்தையில் தாம் பெறும் பணத்தின் விலை வீழ்ந்த அளவுக்குக் கடனாளியின் வீதத்தைக் குறைக்காது, இடைவெளியை இலாபமாக்கிக்கொள்கின்றன. வரிசையின் நீளமே விலையை உயர்த்தி வைக்கின்றது. விண்ணப்பதாரர் தமக்குக் கூறப்பட்ட வீதத்தை 30, 45 அல்லது 60 நாட்களுக்குப் ‘பூட்டி’ வைக்கலாம். அக்காலத்துள் அலுவல் முடியாவிடின் நீடிப்புக்குக் கட்டணம் கேட்கப்படலாம். ஆவணங்களும் முதுமையடைகின்றன. பனி மே, பிரெடி மாக் ஆகிய இரு பெரும் ஈட்டு நிறுவனங்களும் வருமான, சொத்து ஆவணங்களின் ஏற்புக்காலத்தை 2020 இல் 4 மாதத்திலிருந்து 60 நாட்களாகக் குறுக்கின. வேலையிழப்புப் பெருகிய காலத்தில் அதற்குக் காரணமில்லாமல் இல்லை. ஆயினும் வரிசை நீண்டிருந்த அதே வேளையில் வரிசையில் நிற்பதற்கான சீட்டின் ஆயுள் குறைக்கப்பட்டது.

இவை வசதியுடையோரின் இடர்கள் எனலாம். 2009 இல் தொடங்கிய கடன் திருத்தத் திட்டத்திலேதான் தாமதம் தன் கொடிய வடிவத்தைக் காட்டியது. மாதத் தவணையை மொத்த வருமானத்தின் நூற்றுக்கு 31 ஆகக் குறைத்து, 30 முதல் 40 இலட்சம் வீட்டுக்காரருக்கு உதவுதல் அதன் குறிக்கோள். 2016 இறுதியில் திட்டம் முடிவுற்றபோது நிரந்தரத் திருத்தம் பெற்றோர் அதன் பாதியளவினரே. முதலில் மூன்று மாதப் பரீட்சார்த்தக் காலம். அதில் ஒழுங்காகச் செலுத்தினால் நிரந்தரத் திருத்தம் என்பது ஏற்பாடு. தொடக்கத்தில் வருமானத்தை வாய்மொழியாகக் கூறினாலே போதுமாயிருந்தது. ஆவணங்கள் பின்னரே கோரப்பட்டன. அனுப்பியவை காணாமற்போயின, மீண்டும் கோரப்பட்டன. பலருக்கு மூன்று மாதம் ஆறு மாதத்துக்கும் அதிகமாயிற்று. இறுதியில் மறுக்கப்பட்டவரிடம், குறைத்துச் செலுத்திய தொகைக்கும் பழைய தவணைக்குமிடையிலான முழு வித்தியாசமும் நிலுவையாகக் கேட்கப்பட்டது. சொன்னபடி செலுத்தியவர் முன்னிலும் ஆழமான கடனில் நின்றார். ஒருபுறம் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்க, மறுபுறம் வீட்டை ஏலத்தில் விற்கும் நடவடிக்கையும் தொடர்ந்தது.

இதன் காரணத்தை அறிய, கடனின் உடைமையாளரும் அதனை அறவிடுபவரும் வேறுவேறு என்பதை மனங்கொள்ளல் வேண்டும். கடன்கள் பொதிகளாக்கப்பட்டு முதலீட்டாளருக்கு விற்கப்பட்டிருந்தன. கடனாளி கண்டது அறவீட்டு நிறுவனத்தை மாத்திரமே. தாமதக் கட்டணங்கள் பொதுவாக அந்நிறுவனத்தையே சேர்ந்தன. முதலீட்டாளருக்கு அது முற்பணமாகக் கட்டிய தவணைகள் ஏலப்பணத்திலிருந்து முதலில் மீட்கப்பட்டன. திருத்தத்துக்கு அரசு வழங்கிய ஊக்கத்தொகை இதனை ஈடுசெய்யப் போதவில்லை. தாமதம் உடைமையாளருக்கு நட்டமாகலாம், அறவிடுபவருக்கு அவ்வாறன்று.

வேறு வழி இருந்திருக்குமா எனும் வினா எழுகின்றது. 1933 இல் ரூஸ்வெல்ட் அரசு நிறுவிய வீட்டுரிமையாளர் கடன் கூட்டுத்தாபனம் தனியார் நிறுவனங்களின் தயவை எதிர்பார்க்கவில்லை. தன் பிணைமுறிகளைக் கொடுத்து ஈட்டுக்கடன்களைத் தானே வாங்கி, 15 ஆண்டுத் தவணையில், நூற்றுக்கு 5 வட்டியில் மாற்றியெழுதியது. ஏறத்தாழ 19 இலட்சம் விண்ணப்பங்களைப் பரிசீலித்து, 1936 நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 10 இலட்சம் கடன்களை வழங்கியது. இதற்கென ஒரு கட்டத்தில் 20,000 வரையான ஊழியர் அமர்த்தப்பட்டிருந்தனர். இதனைப் பொற்காலமெனப் போற்றுதல் தவறு. காப்பாற்றப்பட்டவற்றுள் முதன்மையானது வங்கிகளின் ஐந்தொகை. வழங்கிய கடன்களில் ஏறத்தாழ ஐந்திலொன்றில் கூட்டுத்தாபனமே வீட்டைக் கைப்பற்றியது. அது வரைந்த நகர வரைபடங்களிற் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு நிறமிடப்பட்டன. எனினும் உடைமையாளரும் முடிவெடுப்பவரும் ஒருவராக இருந்தமையால், காத்திருத்தலிலிருந்து இலாபம் பெறும் மூன்றாமவர் அங்கு இல்லை.

2009 திட்டத்தின் அனுபவத்துக்குப் பின், கடனாளிக்குக் கிடைத்த கருவி ஒரு சொல்லைப் பற்றியது. மீள்நிதியளிப்பு விண்ணப்பம் பூரணமாகக் கிடைத்து 30 நாட்களுக்குள் முடிவை அறிவித்தல் வேண்டும் என்று அமெரிக்கக் கடன் சமத்துவ விதிகள் கூறுகின்றன. ‘பூரணம்’ எது என்பதைக் கடன் கொடுப்பவரே நிர்ணயிக்கும்வரை அந்த 30 நாள் தொடங்குவதேயில்லை. இன்னுமொரு சம்பளத்துண்டு, இன்னுமொரு வங்கிக் கூற்று எனக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இடர்ப்பட்ட கடனாளிகளைப் பொறுத்தவரை 2014 சனவரி 10 இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இவ்விடத்திற் கைவைத்தன. விண்ணப்பம் கிடைத்து 5 வேலைநாட்களுக்குள், குறைவுபடும் ஆவணங்கள் எவை என்பதை அறவீட்டு நிறுவனம் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அப்பட்டியலிலுள்ள யாவற்றையும் கொடுத்துவிட்டால், பின்னர் வேறு தேவைகள் தோன்றினும் விண்ணப்பம் பூரணமானதாகவே கருதப்படும். ஏலத்துக்கு 37 நாட்களுக்கு மேல் இருக்கையில் அது பூரணமாகிவிடின், பரிசீலனை முடியுமுன் வீட்டை விற்கவியலாது.

ஆகவே விண்ணப்பதாரர் செய்யத்தக்கது பொறுமை காப்பதன்று. அப்பட்டியலை எழுத்திற் பெறுதல், கேட்ட யாவற்றையும் ஒரேமுறையில் திகதிச் சான்றுடன் அனுப்புதல், தொலைபேசியிற் கூறப்பட்டதை அன்றே கடிதமாக்கி உறுதிசெய்தல் என்பனவாகும். சாதாரண மீள்நிதியளிப்பிலும் இது பொருந்தும். அங்கு வட்டிப்பூட்டு நீடிப்பின் செலவை எவர் ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுத்திற் பெறுதல் வேண்டும். புதிய ஈடு கைச்சாத்தாகிப் பழைய கடன் அடையும்வரை பழைய தவணையை நிறுத்துதலும் ஆகாது.

இவ்விதிகளின் எல்லையும் குறுகியதே. 5,000 இற்கு மேற்படாத கடன்களை அறவிடும் சிறு நிறுவனங்கள் அவற்றின் பெரும்பகுதியிலிருந்து விலக்குப் பெற்றன. எந்தவொரு குறிப்பிட்ட சலுகையையும் வழங்குமாறு அவை எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. பூரணமான விண்ணப்பத்துக்கு 30 நாளில் ‘இல்லை’ என்று விடையளித்தாலும் விதி நிறைவேறியதாகும்.