3 இஞ்ச் களவாவுக்கு 6 அடி தொட்டி: உண்மையான செலவு எவ்வளவு?

கொரட்டூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சார், போனஸ் வந்திருக்கு. வீட்ல கடல்நீர் தொட்டி வைக்கப் போறேன். எல்லார் வீட்லயும் இருக்கிற நீமோ வேண்டாம். பெருசா, வித்தியாசமா ஒரு மீன் சொல்லுங்க."

இது ஆடிட்டர்கிட்ட கேட்கிற கேள்வியான்னு சிரிக்காதீங்க. இதுல நான் சூடு பட்டவன்.

அம்பத்தூர்ல இருக்கிற எங்களுக்கு கொளத்தூர் மீன் கடைகள் பக்கம்தான். சில வருஷம் முன்னாடி அங்க ஒரு பாந்தர் குரூப்பர் குட்டி பார்த்தேன். வெள்ளை உடம்பு, கறுப்புப் புள்ளி, 3 இஞ்ச். மார்க்கெட்ல நாம களவான்னு வாங்குற குடும்பம்தான். அது 70 செ.மீ. வரை வளரும்னு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் படிச்சேன். குட்டிக்குக் கொடுத்த காசு எவ்வளவுன்னு இப்ப ஞாபகமே இல்லை. அதுக்கப்புறம் வாங்கின தொட்டியோட விலை மறக்கல.

கணக்குக்கு வருவோம். அந்த சைஸ் மீனுக்கு குறைஞ்சது 6x2x2 அடி தொட்டி வேணும். அதாவது சுமார் 680 லிட்டர். கடல்நீர் எடை மட்டுமே 700 கிலோ கிட்ட வரும், கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. மாடி வீடுன்னா முதல்ல இன்ஜினியர்கிட்ட கேளுங்க. லிட்டருக்கு 35 கிராம் உப்புன்னு போட்டா முதல் தடவைக்கே 24 கிலோ. நம்ம சமையல் உப்பு ஆகாது, அதுக்குன்னே விக்கிற கலவை வேணும். மாசம் 100 லிட்டர் மாத்தினா இன்னும் 3.5 கிலோ. போர் தண்ணி வேண்டாம், ஆர்.ஓ. தண்ணிதான்.

ஆனா பர்ஸைக் கடிக்கிறது கரண்ட். சென்னை மே மாசத்துல சில்லர் இல்லாம 26 டிகிரியில தண்ணியை வைக்க முடியாது. சில்லர், பம்ப், ஸ்கிம்மர், லைட் எல்லாம் சேர்ந்து சராசரி 250 வாட்னு வைங்க. ஒரு நாளைக்கு 6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 360. ஏற்கெனவே 300 யூனிட் ஓடுற வீடு 660-க்குப் போயிடும். 500-ஐத் தாண்டினா கீழ் ஸ்லாபோட ரேட்டும் சேர்ந்து ஏறும், அதைப் பலர் கவனிக்கிறதில்ல. 2024 ஜூலை கட்டணப்படி, 700 ரூபாய் சொச்சம் வந்த பில் 3,500 பக்கம் வரும். மீன் உயிரோட இருக்கிற வரைக்கும் முடியாத ஈ.எம்.ஐ. இது.

என் ஈ.எம்.ஐ. 2023 டிசம்பர்ல நின்னது. மிக்ஜாம் புயல். தெருவெல்லாம் தண்ணி, கரண்ட் போய் நாள் கணக்காச்சு. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியோட சரி. பம்ப் நின்னா ஆக்சிஜன் குறையும், பெரிய மீன்தான் முதல்ல திணறும். என் பொண்ணும் நானும் மக்குல தண்ணியை மொண்டு மொண்டு ஊத்தினோம். ரெண்டாம் நாள் காலையில போயிடுச்சு. பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சிருந்திருக்கலாம். வாங்கல.

சட்ட விஷயம் ஒண்ணு. மஞ்சள்-கறுப்புப் பட்டை போட்ட "பம்பிள்பீ குரூப்பர்"னு யாராவது காட்டினா தொடாதீங்க. அது ராட்சதக் களவாவோட குட்டி, 2.5 மீட்டருக்கு மேல வளரும். அதோட, 2001-லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியல்ல சேர்த்த மீன். கடல்குதிரையும் பவளமும் அப்படித்தான். பில் இருக்குன்னு சொன்னா சட்டம் விடாது.

விற்கும்போது லாபம் வந்தா டாக்ஸ் உண்டான்னு கேட்பீங்க. சொந்த உபயோகப் பொருள், மூலதன ஆதாய வரி இல்லை. லாபம் வந்தாதானே!

அப்போ எது வாங்கலாம்? என் ஓட்டு ஸ்னோஃப்ளேக் அஞ்சாலைக்கு. ரெண்டு, ரெண்டரை அடி வளரும், ஆனா ஒல்லி. கல்லு இடுக்குல தலையை மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். 340 லிட்டர் பிடிக்கிற 4 அடி தொட்டி போதும், அதாவது பாதித் தண்ணி, பாதி உப்பு, சின்ன சில்லர். வாரத்துக்கு ரெண்டு, மூணு தடவை இறால் துண்டு கொடுத்தா சரி. கண் பார்வை மந்தம், வாசனையிலதான் தேடும், அதனால கையால ஊட்டாதீங்க, இடுக்கி வெச்சுக்கோங்க. நண்டு, இறாலைக் கூட விட்டா தின்னுடும்.

தொட்டியோட மூடிக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. சின்ன சந்து இருந்தாலும் ராத்திரியில வெளிய வந்து தரையில கிடக்கும்.