பழைய காருக்கு எந்த ரப்பர்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் போவதாக வைத்துக்கொள்வோம். கிளட்சை விட்டதும் பின்புறம் 'டொக்' என்று ஓர் அடி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மறுபடியும் ஓர் அடி. விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர்க்காரருக்கு இதன் பொருள் உடனே புரியும்: எங்கோ ஒரு பாகம் பிடிப்பை இழந்துவிட்டது.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "டிபரன்ஷியல் புஷ் போச்சுண்ணே. லேத்துல நைலான் கடைஞ்சு போட்டா ஆயுசுக்கும் அசையாது" என்கிறார். அசையாமல் இருப்பது நல்லதுதானா? விடை காணுமுன் அந்தப் புஷ் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாராயிற்று. 1962-இல் இங்கிலாந்தில் வந்த ஸ்பிட்பயர் என்னும் பந்தயப் பாணிக் கார் இதற்குத் தம்பி முறை. இரண்டிலும் பின்பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்றே.

அம்பாசிடரில் டிபரன்ஷியல், அச்சோடு சேர்ந்த ஒரே கூடு. சக்கரங்களுடன் சேர்ந்து ஏறி இறங்கும். ஹெரால்டில் அப்படியன்று. டிபரன்ஷியல் கூடு காரின் சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கும். இருபுறமும் அச்சுகள் மட்டும் இறக்கைபோல் அசையும். குறுக்கு வில்பட்டையும் அந்தக் கூட்டின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, காரின் பின்பாதிப் பாரம் சட்டத்திலிருந்து ரப்பர் தாங்கிகள் வழியாகக் கூட்டுக்கும், அங்கிருந்து வில்லுக்கும், பிறகு சக்கரங்களுக்கும் இறங்குகிறது. 1972-இல் வந்த கெஜல் காரில் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு வழக்கமான முழு அச்சையே பொருத்தினார்கள்.

பாரம் மட்டுமா? முறுக்கமும் உண்டு. எளிய கணக்கு ஒன்று போடுவோம். எஞ்சினின் முறுக்கம் 7 கிலோகிராம்-மீட்டர். முதல் கியரில் அது நான்கு மடங்காகி, டிபரன்ஷியலில் மேலும் ஐந்து மடங்கானால் மொத்தம் 140. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் இதே முறுக்கம், கூட்டை எதிர்த்திசையில் திருப்பி அதன் மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். முன் தாங்கிக்கும் பின் தாங்கிக்கும் அரை மீட்டர் இடைவெளி என்றால், ஒவ்வொரு முனையிலும் விசை 280 கிலோகிராம்! காலை எடுத்தால் திசை மாறும். ரப்பர் கிழிந்திருந்தால் இரும்பு இரும்பில் மோதும். நாம் கேட்ட 'டொக்' அதுதான்.

மூன்றாவது வேலை, அதிர்வைத் தடுப்பது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஹெரால்டின் சக்கரம் வினாடிக்கு ஒன்பது சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். கிரவுன் சக்கரத்தில் 39 பற்கள் என்றால், வினாடிக்குச் சுமார் 360 முறை பல்லோடு பல் உராயும். ரப்பர் மேல் உள்ள பொருளின் இயல்பதிர்வைவிட இந்த அதிர்வு 1.4 மடங்குக்கு மேற்பட்டிருந்தால்தான் ரப்பர் அதைத் தடுக்கும். தாங்கியின் விறைப்பை நான்கு மடங்காக்கினால் இயல்பதிர்வு இரு மடங்காகும். தடுக்கும் திறன் குறையும். பல்லின் முனகல் காருக்குள் கேட்கத் தொடங்கும்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது? கடினத்தை 'ஷோர் ஏ' என்ற அளவையில் குறிப்பார்கள். இத்தகைய ரப்பர் புஷ்கள் பெரும்பாலும் 50-க்கும் 65-க்கும் இடையில் இருக்கும். பாலியூரித்தேன் புஷ்கள் 70 முதல் 95 வரை போகும். நைலான் அதையும் கடந்தது. பந்தயக்காரர்கள் கடினமானதை விரும்புவர். அவர்களுக்குச் சத்தம் பொருட்டன்று. ஆனால் ஐம்பது ஆண்டுகளைக் கடந்த சட்டத்துக்கு, புஷ் வாங்காத அடியெல்லாம் நேரே போய்ச் சேரும். தாங்கிப் பட்டைகளின் பற்றவைப்பில் வெடிப்பு விழலாம். புஷ் மலிவு, சட்டத்துக்கு மாற்று ஏது? சாலையில் ஓட்டும் காருக்கு, மூலத்தின் கடினத்தை ஒட்டிய ரப்பரே ஏற்றது. சற்று விறைப்பு வேண்டுமானால் மென்மையான வகைப் பாலியூரித்தேன் போதும். அது உலராதபடி உரிய கிரீஸ் தடவ வேண்டும், இல்லையேல் கிறீச்சிடும்.

'பெட்டி பிரிக்காத பழைய சரக்கு' என்று ஒருவர் நீட்டினால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். ரப்பர் அலமாரியிலும் மூப்படையும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் அதன் மூப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். காற்றில் உள்ள ஓசோன், இழுபட்ட ரப்பரைக் கோடைக் கரிசல்போல் பிளக்கும். கட்டை விரலால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும், உலோக உறையிலிருந்து ரப்பர் விலகியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை சில உள்ளன. தேய்ந்த யுனிவர்சல் ஜாயிண்டும் இதே 'டொக்'கைத் தரும்; முதலில் அதை ஆட்டிப் பாருங்கள். பினியன் சீலில் எண்ணெய் கசிந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கியர் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் குழைந்துவிடும். எல்லாப் புஷ்களையும் ஒருசேர மாற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். உறுதியான தாங்கிகள் கட்டாயம். போல்டுகளை முதலில் லேசாகப் பூட்டி, சக்கரங்கள் தரையில் ஊன்றிய பின் இறுக்குங்கள். அப்போதுதான் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடாது.

கழற்றிய பழைய புஷ்ஷை எறியுமுன் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். சட்டம் வெடிக்காமல் இருக்க, அது கிழிந்திருக்கிறது. புதிய புஷ்ஷும் அதையே செய்யக்கூடியதாக இருக்கட்டும்.