வாத்தின் குடலில் முள்தலைப் புழு

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஓடை, குளங்களில் மேயவிடப்படும் பண்ணை வாத்துகளுள், தீனிக்குக் குறைவில்லாதபோதும் குஞ்சுகள் இரத்தசோகையால் மெலிந்து மடிவதற்குப் பாலிமார்பஸ் பேரினத்து முள்தலைப் புழுக்களும் ஒரு காரணமாகும். இறந்த குஞ்சின் சிறுகுடலைத் திறந்தால், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத ஆரஞ்சு நிறப் புழுக்கள், கொக்கிகள் நிறைந்த முன்முனையைக் குடற்சுவரில் ஆழப் பதித்திருப்பதையும், அவ்விடங்களில் குடலின் வெளிப்புறம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பதையும் காணலாம். இப்புழுவுக்கு வாயோ உணவுப்பாதையோ கிடையாது. வாத்து செரித்து வைத்ததை உடற்சுவர் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது.

எச்சத்தோடு நீரில் கலக்கும் முட்டையை, இறாலுக்குத் தூரத்து உறவான கம்மாரஸ் என்னும் சிற்றுயிர் தின்கிறது. இடைநிலை ஓம்புயிரி, அதாவது புழுவின் இளம்பருவத்துக்கு இடம் தரும் உயிரி, இதுவே. வாரக்கணக்கில் வளர்ந்த இளம்புழு, கம்மாரஸின் மெல்லிய மேலோட்டினூடே ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும்.

நலமான கம்மாரஸ் நீர் கலங்கினால் அடிச்சேற்றுக்குள் பாய்ந்து ஒளியும். பாலிமார்பஸ் பாரடாக்ஸஸ் தொற்றியதோ ஒளியை நாடி மேற்பரப்புக்கு வந்து, எதிர்ப்பட்ட நீர்ச்செடியைப் பற்றிக்கொண்டு அசையாதிருந்து வாத்துக்கு இரையாகிறது. 1970களில் இதை விவரித்த கனடிய ஆய்வாளர்கள் பெத்தேலும் ஹோம்ஸும், புழு வாத்தைத் தொற்றும் பருவத்தை எட்டும்வரை இந்த மாற்றம் தோன்றுவதில்லை என்றும் கண்டனர். பின்னர் 1990இல் வெளியான ஆய்வொன்றில், ஹோம்ஸும் உடன் ஆய்வாளரும் நரம்புச் செய்திகளைக் கடத்தும் செரோட்டோனினை நலமான கம்மாரஸுக்குச் செலுத்தியபோது, அதுவும் அவ்வாறே பற்றிக்கொண்டது. ஐரோப்பிய இனமான பாலிமார்பஸ் மைனூட்டஸ், ஒளியைப் பற்றிய நடத்தையைத் தொடாமல், கீழ்நோக்கிச் செல்லும் இயல்பை மட்டும் தலைகீழாக்குகிறது. அதே கம்மாரஸில் வாழ்ந்து மீனைச் சேரவேண்டிய மற்றொரு முள்தலைப் புழுவோ, ஒளிக்கு ஒதுங்கும் இயல்பை மாற்றுகிறதேயன்றி அவ்வுயிரியை மேலே ஏற்றுவதில்லை. புழு மூளையைக் கைப்பற்றுவதாகச் சொல்லும் பரபரப்புக் கதைகளில் இந்த நுட்பம் காணாமற்போகிறது.

வளர்ந்த வாத்து சில புழுக்களைத் தாங்கிக்கொள்ளும். இளங்குஞ்சில் அவை நூற்றுக்கணக்கில் சேரும்போதே கேடு முற்றுகிறது. நீரைக் கவனியாது பறவைக்கு மட்டும் மருந்தூட்டுவது, கூரை ஒழுகத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். காட்டு வாத்துகளும் இதே புழுவைச் சுமப்பதால், அவை வந்திறங்கும் குளத்தில் முட்டைகள் மீண்டும் மீண்டும் விழுந்தவண்ணம் இருக்கும். குஞ்சுகளை அத்தகைய நீரில் இறக்காமல் தனியே வளர்ப்பதும், இயலுமிடத்துக் குளத்தை வடித்துக் காயவிட்டுக் கம்மாரஸை ஒழிப்பதும் மருந்துக்கு முன்னர் செய்யவேண்டியவை.