நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

தென்பெண்ணையாற்றங்கரையில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களில், முடிதிருத்தகத்தின் சுத்தம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வாடிக்கையாளரின் பாதுகாப்போடு நின்றுவிடுகிறது. நாற்காலிக்குப் பின்னால் நாள் முழுதும் நின்று உழைப்பவரின் உடல்நலம் அதில் இடம்பெறுவது அரிது.

இத்தொழிலுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. வெட்டுப்பட்ட முடியின் கூரிய துணுக்குகள் விரலிடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து உள்ளே தங்கி, சீழ் கோத்து, நாளடைவில் ஆறாத புரையாகிவிடுகின்றன. ‘பைலோனிடல் சைனஸ்’ எனப்படும் இது சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். விரலிடுக்குகளை அடிக்கடி கழுவி, தைத்த முடியை உடனே எடுத்துவிட்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கருஞ்சாயங்களில் பரவலாகச் சேர்க்கப்படும் ‘பாரா ஃபினைலின் டையமின்’ என்ற வேதிப்பொருள் தோலில் ஒவ்வாமையை, அதாவது அரிப்பும் வெடிப்பும் கொப்புளமுமான எதிர்வினையை, உண்டாக்கக் கூடியது. வாடிக்கையாளருக்கு அது எப்போதோ ஒருமுறை படுவது. தொழிலாளிக்கோ அன்றாடம் படுவது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிப்பதால், கையுறை இல்லாமல் சாயம் கலக்கும் பழக்கம் பிழைப்பையே பறித்துவிடலாம். முடியை வெளுக்கும் பொடியிலுள்ள பெர்சல்பேட் உப்புகள் ஆஸ்துமாவைத் தூண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டில், முடிதிருத்தும் தொழிலில் நேரும் வேதிப்பொருள் தொடர்பைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள ‘2ஏ’ பிரிவில் வைத்தது. தொழிலாளர் அனைவருக்கும் நோய் வரும் என்பது இதன் பொருளன்று, காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம் என்பதே பொருள்.

நெடுநேரம் நிற்பதால் காலில் நரம்புச் சுருட்டலும், கையை உயர்த்தியே வைத்திருப்பதால் தோள்வலியும் வருவது பலரும் அறிந்ததே. அறியாதது பிளேடில் இருக்கிறது. முழு பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்துக் கத்தியில் செருகும்போதும், பழையதைக் கழற்றும்போதும் விரல் கீறுவது எளிது. உலர்ந்த இரத்தத்திலும் ஹெபடைடிஸ் பி கிருமி குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். முகத்துக்கு முகம் தேய்க்கும் படிகாரக் கட்டி அதைக் கொல்வதில்லை.

ஹெபடைடிஸ் பி நோய்க்கு 6 மாதத்தில் 3 தவணையாகப் போடும் தடுப்பூசி இருக்கிறது. நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அது வழக்கமாவதற்கு முன் பிறந்தவர்களே இன்றைய தொழிலாளர்களில் மிகப் பலர். தமிழ்நாட்டில் முடிதிருத்துவோருக்கெனத் தனி நல வாரியம் இருக்கையில், அதன் உறுப்பினர் அனைவருக்கும் இந்த ஊசியை இலவசமாகப் போட அரசு உடனே முன்வர வேண்டும்.