மாத்திரை விழுங்காதது யார் குற்றம்?

‘மருந்து வாங்கியாச்சு, பத்தியமும் கேட்டாச்சு. ஏன் சார் இன்னும் குணமாகலே?’ என்று கேட்பவர்கள் அநேகம். அவர்களுக்கு நான் ஒரு ராணுவத் தளபதியின் கதையைச் சொல்வது வழக்கம்.

இரண்டாம் உலகப் போர். 1943-ம் வருடம், பர்மா எல்லையில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற பதினான்காவது ராணுவத்துக்கு வில்லியம் ஸ்லிம் தளபதியானார். படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அந்த வருடம் காயம்பட்டு ஒருவர் பின்னால் அனுப்பப்பட்டால், நோய்வாய்ப்பட்டு 120 பேர் அனுப்பப்பட்டார்கள்! முக்கிய எதிரி மலேரியா.

மருந்து இருந்தது. மெப்பாக்ரின் மாத்திரை. ஆனால் விழுங்கினால்தானே? ஒரே கசப்பு. தோல் மஞ்சளாகும். போதாக்குறைக்கு, ‘ஆண்மை போயிடும்’ என்று வதந்தி வேறு.

ஸ்லிம் திடீர் சோதனை வைத்தார். ஒரு பட்டாளத்தில் நூற்றுக்கு 95 பேராவது மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டும். குறைந்தால் பதவி போகும். யாருக்கு? சிப்பாய்க்கு அல்ல, பட்டாளத்தின் தலைமை அதிகாரிக்கு! மூன்று பேரைத்தான் நீக்க வேண்டி வந்தது. மற்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பொழுது சாயுமுன் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும்; இருட்டியபின் குளிக்கக் கூடாது என்றும் கட்டளை. காய்ச்சல்காரர்களுக்குப் போர்முனை அருகிலேயே சிகிச்சை. பலன்? 1943-ல் தினமும் ஆயிரத்துக்கு 12 பேர் நோயில் விழுந்தார்கள். 1945-ல் ஒருவராகக் குறைந்தது.

சித்த வைத்தியம் பத்தியத்தை வலியுறுத்துவதும் இதற்காகத்தான். வைத்தியர் வேலை பாதி. மீதி, வீட்டை நடத்துபவர் கையில்.

உங்கள் வீட்டில் எப்படி?

* தாத்தாவின் பிரஷர் மாத்திரைக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ‘யாராவது கொடுத்திருப்பாங்க’ என்று எல்லோரும் நினைத்தால், யாருமே கொடுத்திருக்க மாட்டார்கள்.

* ‘மாத்திரை போட்டீங்களா மாமா?’, ‘போட்டாச்சும்மா!’ இதோடு விடாதீர்கள். அட்டையை எண்ணிப் பாருங்கள்.

* ‘அந்த மருந்து கிட்னியைக் கெடுக்குமாமே?’ என்று பக்கத்து வீட்டில் சொன்னால், உடனே நிறுத்தாதீர்கள். சந்தேகத்தை, எழுதிக்கொடுத்தவரிடமே கேளுங்கள். இரண்டு வைத்திய முறை மருந்துகளைச் சாப்பிட்டால், இரண்டு பேரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

* டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். வாரம் ஒரு நாள் தொட்டி, குடம், ஃப்ரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள்.

* சர்க்கரைக்காரர் வீட்டில் அவருக்கு மட்டும் கட்டுப்பாடு, மற்றவர்களுக்கு ஜாங்கிரி என்றால் எத்தனை நாள் தாங்குவார்? வீட்டுப் பெரியவர்கள் முதலில் கையைக் கட்டுங்கள்.

இருமுகிற குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டதா? அதட்டாதீர்கள். அதை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தது யார் என்று முதலில் விசாரியுங்கள்!