கறுப்புப் பூஞ்சணம்: பெயின்ட் வாங்குமுன் ஈரத்தைத் தேடுங்கள்

கீழே கடை, மேலே வீடு. நமது வியாபாரிகளில் பலரின் வாழ்க்கை இப்படித்தான். கொழும்பிலும் காலியிலும் உள்ள இத்தகைய பழைய கட்டடங்களில் மழைக்காலம் வந்தால் சுவரில் கறுப்புப் புள்ளிகள் கிளம்பிவிடும். நோன்புப் பெருநாளுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாள் வருமுன் அதே இடத்தில் அதே கறுப்பு! செலவழித்த பணம் நட்டக் கணக்கில் சேர்கிறது.

பூஞ்சணம் வெறும் அழுக்கல்ல, உயிருள்ளது. அதன் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. நனைந்த இடம் கிடைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் வளரத் தொடங்கும். நிறத்தைப் பார்த்து அதன் வகையைச் சொல்ல முடியாது. கறுப்பெல்லாம் கொடிய நஞ்சென்று பயப்படவும் வேண்டாம், அலட்சியமாக விடவும் வேண்டாம். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமா, சுவாச நோய்கள் ஏற்படும் அபாயம் கூடுதல் என உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

எனவே முதல் வேலை, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. சுவரின் மேல்பகுதியில் கறை என்றால் ஓட்டையும் பீலியையும் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெள்ளை உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. அலுமாரிக்குப் பின்னால் மட்டும் என்றால் காற்றோட்டம் இல்லை.

சந்தேகமானால் ஓரடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்புறம் வியர்த்தால் ஈரம் சுவரில், வெளிப்புறம் வியர்த்தால் அறைக் காற்றில்.

காலிக் கோட்டையின் பழைய வீடுகள் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டவை. அத்தகைய சுவர் மூச்சு விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். மேசன்பாஸிடம் சுண்ணாம்புச் சாந்தே பூசச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் வித்து வீடெங்கும் பரவும். நனைத்து, சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். குளோரின் திரவத்துடன் அமோனியாவையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுவாயு கிளம்பும். பத்துச் சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் வேலை தெரிந்தவரை அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதில் கைவைக்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த மெத்தையையும் அட்டைப் பெட்டியையும் வீசிவிடுவதே இலாபம்.

கடைச் சரக்கைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மரப்பலகை மேல் அடுக்குங்கள்.

இறுதியாக ஒன்று. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முன்னர், கறையின்மேல் பெயின்ட் அடித்து மறைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது விரல்களில் பட்டதும் ஈரம்தான். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் அவர்கள் கேட்டார்கள். சுவரின் ஈரத்துக்கும் அதே சட்டம்தான். திருத்துங்கள், முடியாவிட்டால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.